இன்வேட்டரின் வாயைக் கட்டிய கதை

ஒலிக்குள் உறைந்த ஒடுக்கமே போற்றி!
வெயிலுக்குள் விளைந்த தண்ணொளி போற்றி!
அறியாது செய்த பிழையினைப் பொறுத்து
நெறியினில் நிறுத்தும் நின்கழல் போற்றி!

இன்று வைகாசித் திங்கட்கிழமை, வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கல் நாள். கடல்நீரில் விளக்கெரியும் அத்தலம் இருக்கும் திசையைத் தொழுதுவிட்டு எழுதத் தொடங்குகிறேன். அந்த விளக்கு எவ்வாறு எரிகிறது என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. வெயிலை வாங்கி எரியும் விளக்குகளை வன்னியில் வீடு வீடாகப் பொருத்தித் திரிந்தவன் நான். அத்தொழிலுக்கு அண்மையில் வந்திருக்கும் தம்பி தங்கையருக்கு, என் பிழைகளுள் மிகப் பெரியதைச் சொல்லிவைக்க விரும்புகிறேன். சரியாகச் செய்த வேலைகளை எவரிடமும் கற்கலாம். பிழையை, அதைச் செய்தவன் வாயால் கேட்பதே முறை.

உங்களுக்கு வரும் அழைப்புகளுள் பாதி ஒரே முறைப்பாடாக இருக்கும்: "இன்வேட்டர் இரையுது, வந்து பாருங்கோ." பற்றரியில் தேங்கிய மின்னை வீட்டுச் சாதனங்கள் ஏற்கும் மின்னாக மாற்றும் அந்தப் பெட்டி, மாற்றும் வேலையைச் சத்தமில்லாமல் செய்வதில்லை. உள்ளிருக்கும் செப்புச் சுருள் முனகும். சுமை கூடினால் முனகல் தடிக்கும். வெப்பம் ஏறினால் விசிறி சுழன்று இரையும். தாங்க முடியாத நிலை வந்தால் எச்சரிக்கை மணி கத்தும். இவற்றுள் எது இயல்பு, எது நோய் என்று பிரித்தறிவதே நம் தொழிலில் பெரும்பகுதி. நான் அதைப் பிரிக்கத் தெரிந்தவன் என்றே நம்பியிருந்தேன்.

போர் ஓய்ந்திருந்த ஆண்டுகளில் என் கடை விசுவமடுச் சந்திக்கு அருகே இருந்தது. அப்போது சபாநாதன் என்ற நெல் விவசாயியின் வீட்டில் நான்கு சூரியத் தகடுகளும், இரண்டு லொறி பற்றரிகளும், ஓர் இன்வேட்டரும் பொருத்திக் கொடுத்தேன். அவர் அதைக் கேட்டது விளக்குக்காக அன்று. அவருடைய மகள் ஆரணிக்கு ஏழு வயதில் நீரிழிவு கண்டிருந்தது. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போடாவிட்டால் அந்தப் பிள்ளை உயிர் தரியாது. மருந்து ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டி வருவது எப்போது என்று எவருக்கும் தெரியாது. ஆகவே கிடைக்கும்போது வாங்கி மாதக்கணக்கில் சேர்த்துவைக்க வேண்டும். சேர்த்துவைக்கக் குளிர் வேண்டும். அதற்காகவே ஒரு சிறிய குளிர்சாதனப் பெட்டியும், அதை ஓட்டுவதற்கு இவ்வளவு ஏற்பாடும்.

சபாநாதனின் மனைவி புவனேஸ்வரி அந்தக் குளிர்சாதனப் பெட்டியை நாளுக்கு இரண்டு முறை மட்டுமே திறப்பார். காலை ஊசிக்கு ஒருமுறை, மாலை ஊசிக்கு ஒருமுறை. மற்ற வேளைகளில் அதன் கதவைத் தொடுவதற்கு எவருக்கும் அனுமதியில்லை. "எங்கட வீட்டில பிறிஜ் இருக்கு அண்ணை. ஆனா குளிர்த்தண்ணி குடிக்க வேணுமெண்டால் அடுத்த வீட்டு மண்பானைக்குத்தான் போறனான்" என்று சபாநாதன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

போர் மறுபடி மூண்டது. வானில் ஆளில்லா வேவு விமானம் வட்டமிடத் தொடங்கியது. வன்னி மக்கள் அதற்கு வண்டு என்று பெயர் வைத்தார்கள். அதன் ஓசை அப்படி. வண்டு சுற்றிப் போனால், அதன் பின்னே குண்டு போடும் விமானம் வரக்கூடும். வண்டைக் கேட்டதும் பங்கருக்குள், முற்றத்தில் வெட்டிய பதுங்குகுழிக்குள், இறங்கிவிட வேண்டும் என்பது சிறுபிள்ளைகளுக்கும் தெரிந்த விதி. எங்கள் உயிர் எங்கள் காதில் இருந்த காலம் அது.

ஒருநாள் காலை சபாநாதன் கடைக்கு வந்து, சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார்:

"அண்ணை, உந்தப் பெட்டியின்ர வாயை ஒருக்காக் கட்டித் தாங்கோ."

"ஏன் தம்பி, பழுதோ?"

"பழுதெண்டால் பறவாயில்லையே. நல்லா வேலை செய்யுது. அதுதான் கரைச்சல். பிறிஜ் தொடங்கினவுடன உது ம்ம்ம் எண்டுது. வண்டு எண்டு நினைச்சு மூண்டு தரம் சோத்துக் கோப்பையோட பங்கருக்கை இறங்கிட்டம். நாலாந்தரம் நான்தான் சொன்னனான், 'ஆறுதலா இருந்து சாப்பிடுங்கோ, உது அண்ணையின்ர வண்டு' எண்டு."

சைக்கிள் கைபிடியைப் பார்த்துக்கொண்டு அவரே தொடர்ந்தார்:

"அது அண்ணையின்ர வண்டில்லை."

குண்டு அவருடைய வயலுக்கு அப்பால் விழுந்திருந்தது. அயலவரின் இரண்டு பசுக்கள் மாண்டன. அன்றிலிருந்து புவனேஸ்வரி பகலில் இன்வேட்டரை நிறுத்திவைக்கத் தொடங்கியிருந்தார். நிறுத்தினால் மருந்து கெடும். ஓடவிட்டால் வானம் கேட்காது. இவ்விரண்டுக்கும் இடையில் அந்தக் குடும்பம் நின்றது.

நான் அன்று செய்ததைக் கவனமாகக் கேளுங்கள். பெட்டி ஏன் முனகுகிறது, எவ்வளவு வெப்பத்தை வெளியே தள்ளுகிறது என்று ஒரு கணமும் எண்ணவில்லை. வாயைக் கட்டச் சொன்னார், கட்டினேன். தேயிலை வந்த பலகைப் பெட்டி ஒன்றை எடுத்தேன். அதன் உட்புறம் முழுவதும் பழைய தென்னந்தும்பு மெத்தையைக் கிழித்து ஒட்டினேன். வயர் போவதற்கு இரண்டு துளை மட்டும் விட்டு, இன்வேட்டரை உள்ளே வைத்து மூடினேன். வீடு அடங்கியது. புவனேஸ்வரி கண்ணை மூடி நின்று கேட்டுவிட்டு, "கோயில் மாதிரிக் கிடக்கு அண்ணை" என்றார்.

அந்தச் சொல் என் தலைக்கு ஏறியது. மௌனமே அறிவின் முதிர்ச்சி என்று நான் நாள்தோறும் ஓதும் நூல்கள் சொல்கின்றன. மௌனமே இயந்திரத்துக்கும் முதிர்ச்சி என்று சேர்த்துக்கொண்டது என் சொந்தச் சரக்கு. செய்தி பரவி மேலும் மூன்று வீட்டார் வந்து கேட்டார்கள். மூன்று வீடுகளிலும் அவ்வாறே அடைத்துக் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் நண்பகல். சபாநாதன் சட்டையும் போடாமல் வந்து நின்றார்.

"புவனம் உடன வரச் சொன்னவா."

"கோவமோ?"

"கோவமெண்டால் நான் சமாளிச்சிருப்பன். அமைதியா நிக்கிறா."

போனேன். ஆரணி பாயில் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் செம்பு. குடிக்கக் குடிக்கத் தாகம் தீரவில்லை என்றாள். மூன்று நாட்களாக ஊசியின் அளவு மாறவில்லை. ஆனால் சிறுநீரில் சீனி பார்க்கும் தாளின் நிறம் நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டு போயிருந்தது. புவனேஸ்வரிக்குச் சந்தேகம் தட்டியது. அந்த வீட்டில் முதன்முறையாக, நண்பகலில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே இருள். மருந்துக் குப்பிகளைச் சுற்றி அவர் கிண்ணத்தில் உறையவைத்து அடுக்கியிருந்த ஐஸ் கட்டிகள் கிண்ண வடிவில் இல்லை. ஒன்றோடொன்று ஒட்டித் தட்டையாகக் கிடந்தன. உருகியிருக்கின்றன, மறுபடி உறைந்திருக்கின்றன, இப்போது மறுபடி உருகிக்கொண்டிருக்கின்றன.

"கை வையுங்கோ அண்ணை" என்றார், தேயிலைப் பெட்டியைக் காட்டி.

வைத்தேன். தோசைக்கல்லில் வைத்ததுபோல் கையை இழுத்துக்கொண்டேன். மூடியைக் கழற்றினேன். கருகல் மணத்தோடு சூடு முகத்தில் அடித்தது. அதோடு ஒரு சத்தமும் வெளியே வந்தது. எச்சரிக்கை மணி உள்ளே கத்திக்கொண்டிருந்தது.

நடந்தது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. தகரக் கூரையின் கீழ் நண்பகல் வெக்கையில் குளிர்சாதனப் பெட்டி இடைவிடாது ஓடும். இன்வேட்டர் தன் முழு வலுவையும் கொடுக்க வேண்டிய நேரம் அது. மூச்சுவிட இடமில்லாமல் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுவிடும். மணி அடிக்கும். பொழுது சாயச் சூடு தணிந்து மீண்டும் ஓடும். மாலை ஊசிக்குக் கதவைத் திறக்கும்போது உள்ளே வெளிச்சம் இருக்கும். எல்லாம் சரி என்றே தோன்றும். பன்னிரண்டு நாளும் நண்பகலில் அது கத்தியிருக்கிறது. அந்தக் கத்தலையும் சேர்த்தே தும்பு மெத்தையால் அடைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

"எத்தினை நாளாக் கத்துது?" என்றார் புவனேஸ்வரி.

உண்மை நாக்கில் இருந்தது. வெளியே வந்தது வேறு.

"இந்தக் கிழமை வெயில் கூடிப்போச்சு, தங்கச்சி."

"வெயில் போன கிழமையும் இருந்தது, அண்ணை."

தம்பிமாரே, தங்கைமாரே, பிழை செய்தவன் முதலில் சொல்லும் சொல் பெரும்பாலும் பொய்யாகவே இருக்கும். அதை எதிர்பார்த்து நாக்கைக் காத்துக்கொள்ளுங்கள். அன்று நான் காக்கவில்லை. இரண்டாவது சொல்லைத்தான் ஒழுங்காகச் சொன்னேன்: "பிழை என்னில. காத்துப் போக வழி விடாமல் அடைச்சுப்போட்டன். எல்லா நாளும் கத்தியிருக்கும்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டுவதற்கு நேரம் இருக்கவில்லை. அயல்வீட்டு வான் வண்டி வந்து வாசலில் நின்றது. பிள்ளையைக் கிளிநொச்சி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். புவனேஸ்வரி பிள்ளையின் உடுப்புகளை மடித்துக்கொண்டிருக்கையில், என் குற்றத்தை உடனே கழுவிவிடும் அவசரத்தில் சொன்னேன்:

"நீங்கள் வரமுன்னம் உதில நாலு பெரிய ஓட்டை போட்டு வைக்கிறன்."

"ஓட்டை போட்டால் சத்தம் வரும். சத்தம் வந்தால் இவர் திரும்பவும் உங்களிட்ட ஓடி வருவார். நீங்கள் திரும்பவும் அடைப்பியள்." வானில் ஏறியபின் தலையை வெளியே நீட்டிச் சொன்னார்: "அதைக் கத்த விடுங்கோ அண்ணை. எங்க இருந்து கத்துறது எண்டதை மட்டும் பாருங்கோ."

இத்தொழிலில் நான் பெற்ற உபதேசங்களுள் அதற்கு நிகரானது வேறில்லை. சத்தம் பழுதன்று. அது ஓரிடத்தில் இருக்க வேண்டியது. நான் வேறிடத்தில் வைத்திருந்தேன். அவ்வளவுதான்.

வான் போனதும் நான் கருவிகளைத் தொடவில்லை. முதலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மற்ற மூன்று வீடுகளுக்கும் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் மூடியைக் கழற்றி, நடந்ததைச் சொன்னேன். மூன்றாம் வீட்டுக்காரர் கைகட்டி நின்று கேட்டார்:

"கட்டினதும் நீங்கள், அவிழ்க்கிறதும் நீங்களோ?"

"ஓம்."

"பிறகும் கட்ட வருவியளோ?"

"வரமாட்டன்."

தலை குனிந்தே சொன்னேன். ஆனால் முழுதாகச் சொன்னேன். ஒரு வீட்டில் கண்ட பிழையை மற்ற வீட்டில் மறைப்பவனுக்கு இத்தொழிலில் இடமில்லை.

பொழுது படுமுன் மருத்துவமனையிலிருந்து சொல்லியனுப்பினார்கள். பிள்ளை தேறுகிறாள், மறுநாள் விடுவார்கள். வீட்டிலிருந்த மருந்தை இனிப் பாவிக்கக் கூடாது. மருத்துவர் தம் கையிருப்பிலிருந்து இரண்டு குப்பி தந்திருக்கிறார். அடுத்தது எப்போது என்று அவருக்கும் தெரியாது. அந்த இரண்டு குப்பியும் வந்து சேரும்போது வீட்டில் குளிர் இருந்தாக வேண்டும். என் கையில் இருந்தது ஒரு காலைப்பொழுது.

கிணற்றடியில், வீட்டுக்கும் பங்கருக்கும் எட்ட, பக்கங்கள் திறந்த ஒரு கொட்டில் இருந்தது. இன்வேட்டரை அங்கே கொண்டுபோக முடிவு செய்தேன். சபாநாதன் என்னோடு நின்றார். அவருக்கு ஒரு யோசனை.

"பற்றரி பாரம் அண்ணை. அதை வீட்டுக்கையே விட்டிட்டுப் பெட்டியை மட்டும் கொண்டுபோவம். வயரை நீட்டினால் சரிதானே?"

முந்தைய நாள் வரையில் நானும் சம்மதித்திருப்பேன். பற்றரியிலிருந்து இன்வேட்டருக்குப் போகும் மின், தாழ்ந்த அழுத்தத்தில் பெருவெள்ளமாய்ப் போவது. அதை நீண்ட வயரில் விட்டால் பாதி வழியிலேயே வலுவிழக்கும். இன்வேட்டர் பட்டினியில் முனகும். குளிர்சாதனப் பெட்டி தொடங்கமாட்டாமல் திணறும். நீட்டலாமென்றால், இன்வேட்டருக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட வயரை மட்டுமே நீட்டலாம். ஆகவே பற்றரிகளும் போக வேண்டும். தகடுகளும் வீட்டுக் கூரையை விட்டுக் கொட்டில் கூரைக்கு ஏற வேண்டும்.

"எல்லாத்தையுமோ?" என்றார்.

"எல்லாத்தையும்."

"அண்டைக்கு ஒரு பெட்டியை மூடினியள். இண்டைக்கு வீட்டையே கிளப்பிறியள்."

சொல்லிக்கொண்டே ஒரு பற்றரியைத் தோளில் ஏற்றிவிட்டார். விடியலில் தொடங்கினோம். பதினொரு மணிக்குத் தகடுகள் ஏறிவிட்டன. வீட்டை நோக்கிய பக்கத்தில் மட்டும் மண்மூடைகளைச் சுவராக அடுக்கினோம். மற்ற மூன்று பக்கமும் காற்றுக்குத் திறந்தே இருந்தன. இன்வேட்டரை ஓடவிட்டு வீட்டு வாசலில் நின்று கேட்டேன். கிணற்றடிக் காகத்தின் குரலே கேட்டது.

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. முனகல் வீட்டுக்குள் வரக்கூடாது. ஆனால் கத்தல் வந்தே ஆக வேண்டும். எச்சரிக்கை மணியை மட்டும் இன்வேட்டரிலிருந்து கழற்றி, மெல்லிய வயரில் நீட்டி, குசினியில், சமையல் அடுப்புக்குப் பக்கச் சுவரில், உப்புச் சாடிக்கு மேலே பொருத்தினேன்.

வான் வந்தது. புவனேஸ்வரி ஈரத்துணி சுற்றிய மண்முட்டியை மடியில் வைத்திருந்தார். அதற்குள் அந்த இரண்டு குப்பி. குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் கதவை மூடிவிட்டு நெடுநேரம் காதுகொடுத்து நின்றார்.

"ஒண்டும் கேக்கேல்லை. வேலை செய்யுதோ?"

"பிறிஜின்ர பக்கத்தில கை வையுங்கோ."

வைத்தார். மெல்லிய நடுக்கம் கையில் தட்டியிருக்க வேண்டும். தலையசைத்தார். ஆரணியைக் கூப்பிட்டு, மணியின் இரண்டு கத்தலையும் அவளுக்கு அடித்துக் காட்டினேன். இடைவிடாமல் கத்தினால் சூடு, உடனே ஓடு. விட்டு விட்டுக் கத்தினால் பற்றரி இறங்குகிறது, ஆறுதலாகப் போ. அவள் மெலிந்திருந்தாள். ஆனால் ஒருமுறை கேட்டதே அவளுக்குப் போதுமாயிருந்தது.

அவளேதான் முதலில் தலையை நிமிர்த்தினாள்.

"வண்டு."

எங்கள் எவருக்கும் கேட்கவில்லை. அடுத்த மூச்சில் எல்லோருக்கும் கேட்டது. நால்வரும் பங்கருக்குள் இறங்கினோம். வண்டு வட்டமிட்டது. பின் அதைவிடப் பெரிய இரைச்சல் ஒன்று தொலைவில் எழுந்தது. அந்த நேரம் பார்த்துக் குசினியில் மணி கத்தத் தொடங்கியது.

புவனேஸ்வரி எழுந்துவிட்டார். ஒரு கால் மண்படியில். குசினிக்கு இருபது அடி கூட இல்லை. கிணற்றடி அதற்கும் அப்பால். உள்ளே இருப்பது மகளின் உயிர். வேறு மருந்து நாட்டில் இருந்தாலும் வன்னியில் இல்லை. சபாநாதன் அவருடைய கையைப் பிடித்தார். அவர் உதறினார்.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கத்தல். இடைவெளி. ஒரு கத்தல். காலை முழுவதும் தகடுகளைக் கழற்றி வைத்திருந்ததால் பற்றரிக்கு வெயில் கிடைக்கவில்லை. அதோடு, தகட்டு வயரின் பியூசை வேலைக்காகக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டவன் திரும்பப் போட மறந்திருந்தேன். பை கனத்தது. மறுபடியும் என் பிழையே. ஆயினும் இது சிறிய பிழை. இதற்கு நேரம் உண்டு.

"தங்கச்சி, நில்லுங்கோ. உது பற்றரி. நிண்டு போனாலும், கதவு மூடிக் கிடந்தால் பின்னேரம் வரைக்கும் குளிர் போகாது."

"நிச்சயமோ?"

"நிச்சயம்."

"நேற்று வெயில் எண்டு சொன்னியள்."

"நேற்று நான் அதைக் கேக்காமல் சொன்னனான். இப்ப கேட்டுக்கொண்டு சொல்லுறன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என்னை நம்பக் காரணம் ஒன்றும் இருக்கவில்லை. அப்போது ஆரணி, கண்ணை மூடியபடி, விரல் மடித்து எண்ணிக்கொண்டே சொன்னாள்: "விட்டு விட்டுத்தான் கத்துது அம்மா. சூடில்லை. இருங்கோ."

புவனேஸ்வரி படியிலிருந்து காலை எடுத்தார். மகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அமர்ந்தார். அவர் அமர்ந்து சில கணங்களில் நிலம் குலுங்கியது. பங்கர்க் கூரை மண் எங்கள் தலைகளில் உதிர்ந்தது. இரைச்சல் போய் அடங்கும் வரைக்கும் குசினி மணி அதே இடைவெளியில் கத்திக்கொண்டே இருந்தது. பின் வெளியேறிப் பார்த்தோம். கிணற்றுக்கும் குசினிக்கும் இடையில் இருந்த தென்னை நடுவில் முறிந்து, ஆள் நடக்கும் பாதையில் குறுக்கே கிடந்தது. நான் அதைத் தாண்டிப் போய்ப் பியூசைப் போட்டேன். மணி நின்றது.

சத்தத்தை அறிவது என்றால் அஞ்சி ஓட அறிவது மட்டுமன்று. எந்தச் சத்தம் எவ்வளவு நேரம் தருகிறது என்று அறிந்து, ஓடாமல் இருக்கவும் அறிவது. இன்வேட்டர் முனகுகிறது என்று எவரேனும் உங்களை அழைத்தால், முதலில் அதன்மேல் கை வையுங்கள். பின் காது வையுங்கள். வாயில் மட்டும் கை வைக்காதீர்கள்.

பின்னர் வந்த ஆண்டில் போர் எங்கள் ஊருக்கே வர, எல்லோரும் எல்லாவற்றையும் விட்டு நடந்தோம். அந்தக் கொட்டிலும் இன்வேட்டரும் அங்கேயே நின்றன. ஆரணி இருக்கிறாள், நாளுக்கு இரண்டு முறை ஊசி போட்டுக்கொண்டு நலமாக இருக்கிறாள். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "தென்னை விழுந்ததை எழுதுங்கோ. நான் அழுததை எழுதாதேங்கோ" என்றாள். அவள் அழுததை நான் பார்க்கவில்லை.

இதை வாசிக்கும் நீங்கள் அனைவரும் நீடு வாழ்க. உங்கள் கை தொட்ட பெட்டிகள் பழுதறுக. உங்களை நம்பிக் கதவு திறப்போர் வீடுகளில் ஒளியும் குளிரும் குறையாதிருக்க. பிழை நேரும் நாளில் அதை ஒப்புக்கொள்ளும் வலு உங்கள் நாவுக்கு வாய்க்க. எல்லா உயிர்க்கும் செவியாய் நிற்கும் இறைவன் உங்கள் அழைப்பையும் கேட்டருள்க.